விறகடுக்கில் ஒளித்த புஷ்

என் வாழ்நாளில் நான் செய்த ஒரே திருட்டு, ஒரு லாரியின் பின்பக்கத்து ரப்பர் புஷ் இரண்டு. அப்போது எனக்கு ஒன்பது வயது. விற்பதற்கோ விளையாடுவதற்கோ எடுக்கவில்லை. என் அத்தை ஊருக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக எடுத்தேன். லாரி ரப்பருக்கும் அத்தைக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தோன்றும். அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற சாலையில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து தேயிலைக்குள் இறங்கி நடந்தால் எங்கள் வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, பக்கத்தில் வண்டி நிற்க ஒரு தகரக் கொட்டகை. அப்பா இலை வண்டி ஓட்டினார். சுற்றுவட்டாரத்துச் சின்னத் தோட்டங்களில் பறிக்கிற பச்சை இலையை மூட்டை மூட்டையாக ஏற்றி ஃபேக்டரியில் கொண்டுபோய் இறக்குவார். வண்டி என்னைவிட மூத்தது. அதன் கதவில் பழைய முதலாளி யாரோ எழுதி வைத்திருந்த பெயர், அப்பா இரண்டு முறை பெயின்ட் அடித்த பிறகும் வெயில் பட்டால் மங்கலாகத் தெரியும்.

அத்தை, அப்பாவின் தங்கை. கீழே, புளியம்பட்டிப் பக்கம் ஒரு மஞ்சள்காட்டுக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒரு கார்த்திகை மாதத்தில் ஒரே ஒரு பையோடு மலையேறி எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் பத்து நாள் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை.

“அத்தைக்கு ஒடம்பு செரியில்ல. சத்தம் போடாம வெளையாடு” என்றாள் அம்மா.

காய்ச்சலா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். அம்மா அந்தப் பக்கம் போனதும் உள்ளே போய் அத்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் பார்க்கத் தெரியவில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

அத்தைக்குப் பிறந்த குழந்தை மூன்றாம் நாளே போய்விட்டது என்பதும், அதன் பிறகு அவளுடைய மாமியார் பேசிய பேச்சைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியாமல்தான் அவள் மேலே வந்தாள் என்பதும் நான் கல்லூரிக்குப் போன பிறகு அம்மா சொல்லித் தெரிந்தது.

பதினோராம் நாள் காலையில் அத்தை உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்ற என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இதாரு தலை சீவி உட்டது? ஒரு சடை மேல இருக்குது, ஒரு சடை கீழ இருக்குது.”

உட்கார வைத்து இரண்டையும் அவிழ்த்துத் திரும்பப் பின்னினாள். பஸ் போய்விட்டது. அம்மா திட்டவில்லை, சமையலறை வாசலில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து என் தலை அத்தையின் பொறுப்பு. என் தலை மட்டுமல்ல.

எங்கள் ஊரில் மழைக்காலத்தில் துணி காயாது. ஈர சாக்ஸைப் போட்டுக்கொண்டு போவதுதான் வழக்கம். அத்தை அதை வெந்நீர் அடுப்புக்கு மேலே இரண்டு விரலால் பிடித்து, ஆவி பறக்கப் பறக்கச் சூடாக்கி, என் காலில் மாட்டிவிடுவாள். ஒரு கம்பளிக்குள் நானும் அவளும்தான் படுப்போம். அவள் பாதம் எப்போதும் ஐஸாக இருக்கும். அதை என் கெண்டைக்காலில் வைத்து, நான் கத்துவதைக் கேட்டுச் சிரிப்பாள். அட்டைக்குப் பயப்படுவாள். தேயிலைக்குள் நடந்து வந்தால் வாசலிலேயே நின்று, “கண்ணு, பாரு, ஏறியிருக்குதா பாரு” என்று புடவையைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். இல்லாத அட்டையை இருக்கிறது என்று சொல்லி அவளைக் குதிக்க வைப்பது என் பொழுதுபோக்கு.

தை மாதத்தில் அப்பா குன்னூரில் யாரோ விற்ற தையல் மிஷின் ஒன்றை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். ஜன்னலோரம் போட்டு அத்தை தைக்க ஆரம்பித்தாள். எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து அக்காமார்கள் ஜாக்கெட் துணியோடு வருவார்கள். மிஞ்சிய துணியெல்லாம் எனக்கு கவுன் ஆகும். ஒரே கவுனில் முன்பக்கம் பச்சை, பின்பக்கம் ஊதா, கையில் பூப்போட்டது. அதைப் போட்டுக்கொண்டு நான் ஊரெல்லாம் சுற்றினேன்.

மாமா, அதாவது அத்தையின் கணவர், அந்த எட்டு மாதத்தில் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு வெளியே மூட்டமாக நின்ற பனியைப் பார்த்து, “குளுருதுங்க” என்பார். “ஆமாங்க மாப்ள” என்பார் அப்பா. அரை மணி நேரம் கழித்துத் திரும்பவும், “நல்லா குளுருதுங்க.” அவ்வளவுதான் அவர் பேச்சு. முதல் முறை அம்மா டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டாம் முறை அத்தையே கொண்டுபோய்க் கொடுத்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கொய்யாப்பழத்தைத் தின்றேன்.

ஆனி மாதத்துக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன். கீழே ஊரில் இருப்பவர். குரங்குக் குல்லாயும் சால்வையுமாக வந்து உட்கார்ந்தவர் டீயைக் கூடக் குடிக்காமல் விஷயத்துக்கு வந்தார். நான் சமையலறையில் பொரி தின்றுகொண்டு கேட்டேன்.

“எட்டு மாசம் ஆச்சு. சனிக்கெழம ஆடி பொறக்குது. ஆடியில அனுப்ப முடியாது, அப்பறம் ஆவணிதான். அவங்க வேற எடம் பாக்கறாங்கன்னு காதுல உழுகுது. மாப்ள நல்ல மனுசன், ஆனா அவுங்கம்மா வார்த்தைக்கு எத்தன நாளைக்குத் தாங்குவான்? வெள்ளிக்கெழம காலைல கொண்டு போய் உட்டுரோணும்.”

அப்பா பெரியப்பாவின் டீயை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு, “அம்மிணி, நீ என்ன சொல்றே?” என்று உள்ளே பார்த்துக் கேட்டார்.

தையல் மிஷின் சத்தம் நின்றது. “நீங்க சொன்னாச் செரிங்கண்ணா” என்றாள் அத்தை. மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

வேறு இடம் பார்க்கிறார்கள் என்றால் மாமா வீட்டார் வேறு வீட்டுக்குக் குடி மாறப் போகிறார்கள் என்று நான் புரிந்துகொண்டேன். மாறினால் மாறட்டுமே. புது வீட்டுக்கு அத்தை எதற்கு, சாமான் தூக்கவா? மாமாவுக்கு வேறு பெண் பார்க்கிறார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியவில்லை.

பஸ்ஸில் அனுப்பிவிடலாம் என்றார் பெரியப்பா. அதற்கு மட்டும் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

“பையத் தூக்கிட்டு பஸ்ல போயி எறங்குனா, தொரத்தி உட்டு வந்த மாதிரி இருக்கும். என்ற வண்டியில கூட்டிட்டுப் போறேன். மிஷினும் கூடப் போகோணும். அண்ணன் ஊட்ல இருந்து வந்திருக்குறான்னு பாக்கறவங்க பாக்கட்டும்.”

ஆனால் வண்டிக்கு ஒரு குறை இருந்தது. கொஞ்ச நாளாகவே பின்பக்கத்திலிருந்து ‘டொக், டொக்’ என்று ஒரு சத்தம். பள்ளத்தில் இறங்கினாலும் வளைவில் திரும்பினாலும் யாரோ அடியிலிருந்து தட்டுவது போல இருக்கும். இலை மூட்டைக்கு அது பெரிய விஷயமில்லை. மனுஷரை வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் வரை மலை இறங்க வேண்டும் என்றதும் அப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது. திங்கட்கிழமை குன்னூரில் மெக்கானிக்கிடம் காட்டினார். பள்ளிக்கூடம் விட்டு வந்த நானும் வண்டியில் இருந்தேன். மெக்கானிக் அடியில் படுத்து ஒரு கம்பியை நெம்பிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

“ஸ்டெபிலைசர் ராடு புஷ் தேஞ்சு போச்சுங்க. ரெண்டு பக்கமும். வளைவுல வண்டி சாயாமப் புடிக்கற கம்பி அது. அதப் புடிக்கற ரப்பரே போச்சுன்னா கம்பி என்ன பண்ணும்? குடும்பத்த வெச்சுட்டு எறங்கறதுன்னா இத மாத்தாம எறங்காதீங்க.”

பழைய வண்டியானதால் குன்னூரில் அந்த அளவு புஷ் இல்லை. கோயமுத்தூரில் ஒரு கடைக்கு அப்பா போன் போட்டுச் சொன்னார். புதன்கிழமை மாலை பஸ் டிரைவர் ஒருவர் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். மாட்டுவது பெரிய வேலையில்லை, நானே பார்த்துக்கொள்வேன் என்று அப்பா மெக்கானிக்கிடம் சொல்லியிருந்தார். வண்டி வேலை பாதி அவருக்கே தெரியும்.

வீட்டில் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். கறுப்பு ரப்பர் இரண்டு. சின்ன பன் ரொட்டியை நிமிர்த்தி வைத்தது போல, ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவு, நடுவில் ஓட்டை. கம்பியில் மாட்டுவதற்காக ஒரு பக்கம் கீறிவிட்டிருந்தது. இவ்வளவு பெரிய வண்டியை இந்தப் பிஞ்சு ரப்பரா பிடிக்கிறது என்று கேட்டேன்.

“இதில்லீன்னா வண்டி எடுக்க முடியாது கண்ணு” என்றார் அப்பா.

அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

நான் கணக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் வண்டி ரெடியாகாவிட்டால் சனிக்கிழமை ஆடி. ஆடியில் அனுப்ப மாட்டார்கள். அப்புறம் ஆவணி வரைக்கும் அத்தை இங்கேதான். ஆவணியில் வேறு ஏதாவது செய்துகொள்ளலாம். அப்பா பொட்டலத்தைக் கடிகாரத்துக்குக் கீழே அலமாரியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அம்மா சமையலறையில். அத்தை வெளியே துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பொட்டலத்தை கவுனுக்குள் செருகிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனேன். குளியலறைச் சுவரை ஒட்டி விறகு அடுக்கியிருக்கும். நடுவரிசையில் இரண்டு கட்டையை இழுத்து, பொட்டலத்தை உள்ளே தள்ளி, கட்டையைத் திரும்பச் செருகினேன். திருடுவது இவ்வளவு சுலபமா என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை மழை. பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டுவிட்டார்கள். இலையும் எடுக்கவில்லை. அப்பா காலையிலேயே கொட்டகையில் வேலையைத் தொடங்கினார். சக்கரங்களுக்குக் கல் வைத்து, சாக்கை விரித்து, அடியில் நுழைந்தார். முதல் நாளே மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தும் துருப்பிடித்த போல்ட் அசையவில்லை. ஸ்பேனரில் பைப்பைச் செருகி, காலால் உதைத்துத்தான் கழற்றினார். வெளியே வந்தபோது கையில் பழைய புஷ் இருந்தது. வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை வடிவத்தில் தேய்ந்துபோயிருந்தது. துடைத்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தவர் அலமாரியைப் பார்த்தார். கடிகாரத்துக்குக் கீழே வெறுமையாக இருந்தது.

தேடினார்கள். அரிசி டப்பாவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், வண்டி சீட்டுக்குக் கீழே, இலைச் சாக்குகளை உதறி உதறி. நானும் தேடினேன். எல்லோரையும்விட நன்றாகத் தேடினேன். அத்தையும் தேடினாள். அவள் குளிக்க வெந்நீர் போட விறகு எடுக்கப் போனபோது நான் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தேன். அடுக்கின் கடைசி ஓரத்திலிருந்து, மழையில் நனைந்திருந்த கட்டைகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்தாள். அடுப்பு எரியாமல் புகைந்தது. நல்ல காய்ந்த விறகு நடுவில் இருக்க இவள் ஏன் இப்படி என்று நினைத்தேன். என் அதிர்ஷ்டம் என்றும் நினைத்தேன்.

அப்பா கோயமுத்தூருக்கு மறுபடி போன் செய்தார். நாளை மாலை பஸ்ஸுக்குத்தான் போட முடியும் என்றார்கள்.

“ஏனுங்க, கெடைக்கலீன்னா உடுங்க. ஆடி கழிஞ்சு போனாத்தான் என்னாயிரும்?” என்றாள் அம்மா. நான் அம்மாவைப் போய்க் கட்டிக்கொள்ளாததுதான் பாக்கி.

அப்பா அம்மாவையும் பார்க்கவில்லை, அத்தையையும் பார்க்கவில்லை. கொட்டகைக்குப் போனார். சுவரில் மாட்டியிருந்த பழைய டயர் ஒன்றை இறக்கிப் போட்டு, தேயிலைச் செடி வெட்டுகிற கவாத்துக் கத்தியை எடுத்து அதை அறுக்கத் தொடங்கினார். டயர்த் துண்டை வெட்டிச் சுருட்டி, புஷ் இருக்க வேண்டிய இடத்தில் திணித்து, அதை வைத்துக்கொண்டே மலை இறங்கிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். டயர் அவ்வளவு சீக்கிரம் அறுபடுகிறதா? முட்டியால் அழுத்திக்கொண்டு அறுத்தார். ஜன்னல் வழியாக நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கத்தி வழுக்கிக் கட்டைவிரலுக்குக் கீழே கிழித்தது. அப்பா கையை உதறி, வண்டி துடைக்கிற துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் கத்தியை எடுத்தார்.

அத்தை தையல் மிஷின் முன்னாலிருந்து எழுந்தாள். தூறலில் தலைக்குத் துணிகூடப் போடாமல் வீட்டின் பின்பக்கம் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். விறகடுக்கின் முன்னால் நின்றவள் எங்கும் தேடவில்லை, எதையும் கலைக்கவில்லை. நேராக நடுவரிசையில் அந்த இரண்டு கட்டைகளையே இழுத்தாள். கையை உள்ளே விட்டுப் பொட்டலத்தை எடுத்தாள். என்னைப் பார்க்காமலே என்னைக் கடந்து கொட்டகைக்குள் போனாள்.

“இந்தாங்கண்ணா. வெறகுக்குள்ள கெடந்துச்சு. எலி இழுத்துட்டுப் போயிருக்கும்.”

அப்பா பொட்டலத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுற்றியிருந்த பேப்பரில் ஒரு பல்தடம்கூட இல்லை. பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

“பெரிய எலிதான் போலிருக்குது” என்றார். கத்தியைக் கீழே வைத்தார்.

அத்தைதான் அப்பாவின் கைக்கு மஞ்சள் வைத்துக் கட்டினாள். சோப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள். அதைத் தடவினால்தான் ரப்பர் கம்பியில் வழுக்கிக்கொண்டு ஏறும். புதுப் புஷ்ஷை மாட்டி, மேலே கிளாம்ப்பை வைத்து, அப்பா கட்டுப் போட்ட கையோடு போல்ட்டுகளை முறுக்கி முடித்தார். நான் எதையும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. உள்ளறையில் கம்பளிக்குள் படுத்துக்கொண்டேன். அப்பா அடிப்பார் என்ற பயத்தைவிட, அத்தை என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்ற கோபம் பெரிதாக இருந்தது. காட்டிக்கொடுக்கவில்லை, எலியின் மேல் பழியைப் போட்டு என்னைக் காப்பாற்றத்தான் செய்தாள் என்பதெல்லாம் அந்தக் கோபத்துக்குள் வரவில்லை.

சாயங்காலம் அத்தை சீப்போடு வந்தாள். நான் எழுந்திருக்கவில்லை. இழுத்து உட்கார வைத்தாள்.

“அண்ணன் அந்த டயர்த் துண்ட நம்பி மல எறங்கியிருப்பாங்க கண்ணு. நீயுந்தான கூட வருவே.”

நான் பாதிப் பின்னல் வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

“நா ஒளிச்சு வெச்சது உனக்கு எப்பத் தெரியும்?”

“நீ வெக்கறப்பவே பாத்தேன். துணி எடுத்துட்டு இருந்தேனல்ல.”

“அப்ப ஏன் நேத்தே சொல்லல?”

அத்தை பின்னலை இன்னும் இறுக்கினாள். எனக்கு வலித்தது. வலிக்கிறது என்று சொன்னால் சமாதானம் ஆனதாகிவிடும் என்பதால் சொல்லாமல் இருந்தேன். ரிப்பன் கட்டி முடித்த பிறகும் அவள் கை கொஞ்ச நேரம் என் தலையிலேயே இருந்தது. நான் தலையை நகர்த்திக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ராகு காலத்துக்கு முன்பே கிளம்பினோம். பின்னால் தையல் மிஷினைச் சாக்குகளால் சுற்றிக் கட்டியிருந்தது. அம்மா வீட்டில் நின்றுகொண்டாள். முன் சீட்டில் அப்பா, நடுவில் நான், ஜன்னலோரம் அத்தை. குன்னூர் தாண்டி வளைவுகள் தொடங்கின. வண்டி சாயவில்லை, தட்டவில்லை.

“பாத்தியா அம்மிணி, சத்தமே இல்ல” என்றார் அப்பா, முதல் வளைவு முடிந்ததும். சந்தோஷமாகத்தான் சொல்ல ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

பர்லியாறில் வண்டியை நிறுத்தினார். அத்தை மங்குஸ்தான் பழம் வாங்கி, தோலைப் பிளந்து, வெள்ளைச் சுளையை என் வாயருகே நீட்டினாள். எனக்கு உயிர் அந்தப் பழம். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் நீட்டிய கையை உடனே எடுக்கவில்லை. பிறகு அந்தச் சுளையைத் தானும் தின்னாமல், தோலுக்குள்ளேயே வைத்து மூடி, மடியில் வைத்துக்கொண்டாள். கல்லாறு வந்ததும் வெக்கை ஏறியது. ஸ்வெட்டரைக் கழற்ற அவள் உதவி செய்ய வந்தாள். நானே கழற்றிக்கொண்டேன்.

அத்தையின் வீட்டு வாசலில் மாமா நின்றிருந்தார். எப்போதிலிருந்து நின்றாரோ, சட்டை முதுகெல்லாம் வேர்வை. வண்டி நின்றதும் பின்னால் போய், அப்பா உதவிக்கு வருவதற்குள், அந்தத் தையல் மிஷினைத் தனியாகவே தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே நடந்தார். கால் தடுக்கியது. அப்போதும் கீழே வைக்கவில்லை. மாமியார் வாசலில் நின்று, “வாங்க” என்றார். அது யாருக்கு என்று தெரியவில்லை.

அத்தை இறங்கினாள். ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் கன்னத்தைத் தொட்டாள்.

“போயிட்டு வாரேன் கண்ணு.”

நான் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு செத்த பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே போகும் வரை அதையே பார்த்தேன். அவள் திரும்பிப் பார்த்தாளா என்பது அதனால் எனக்குத் தெரியாது. அது தெரியாமலே இத்தனை வருடம் போய்விட்டது.

அத்தை நன்றாகத்தான் இருக்கிறாள். இரண்டு பையன்கள். மாமியார் கடைசியில் படுக்கையில் கிடந்தபோது பார்த்துக்கொண்டவளும் அவள்தான். நோம்பி, பண்டிகை என்றால் மேலே வருவாள். காலையில் வந்தால் மாலைப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள். மாடு இருக்கிறது, பையன்கள் இருக்கிறார்கள். இப்போது நான் பெங்களூரில் இருக்கிறேன். போனில் பேசினால் சாப்பிட்டாயா, முடி கொட்டுகிறதா என்று கேட்பாள். ஒருமுறை அந்தப் புஷ் விஷயத்தை எடுத்தேன். அப்படியா, எனக்கு ஞாபகமே இல்லையே என்று சிரித்தாள். கம்பளிக்குள் குளிர்ந்த பாதத்தை வைத்துச் சிரித்த சிரிப்பு இல்லை அது. அந்தச் சிரிப்பு எட்டு மாதம்தான் எங்கள் வீட்டில் இருந்தது. மழைநாளில் ஈர சாக்ஸ் மாட்டும்போது இப்போதும் ஒரு நிமிஷம் காலைத் தூக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். யாரையோ எதிர்பார்ப்பது போல.

அப்பா போய்ச் சேர்ந்து நான்கு வருடமாகிறது. அத்தையை அனுப்ப அவருக்கு மனசு இருந்ததா என்று அவரிடம் நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம், வாய்ப்பு இருந்தது. அன்று திரும்பி வருகிற வழியிலேயே இருந்தது.

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கினோம். பின்னால் மிஷின் இல்லாமல், பக்கத்தில் அத்தை இல்லாமல் வண்டி காலியாக இருந்தது. ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்திருந்தேன். அடி இப்போது விழும், இப்போது விழும் என்று காத்திருந்தேன். முதல் வளைவு. இரண்டாவது வளைவு.

“ஏங்கண்ணு.”

நான் கதவுப் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“வெறகடுக்குலயா கொண்டு போயி வெப்பே? இன்னுங் கொஞ்சம் நல்ல எடமாப் பாத்து வெச்சிருக்கலாமல்ல?”

கேலி செய்கிறார், அப்படியென்றால் அடி இல்லை என்று புரிந்ததும் எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது.

“கோழிக்கூட்டுக்கு அடியில வெச்சிருக்கலாம்ப்பா” என்றேன்.

“ம். வெச்சிருக்கலாம்.”

“இல்லீன்னா ஸ்கூல் பையில போட்டு டீச்சர் பீரோவுல.”

“அதும் நல்ல எடந்தான்.”

அப்பா சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கட்டுப் போட்ட கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, நான் சொன்ன ஒவ்வோர் இடத்துக்கும் தலையை ஆட்டினார். புது விளையாட்டு ஒன்று கிடைத்துவிட்ட உற்சாகத்தில், தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டு ஓட்டுக்கு மேலே, ஃபேக்டரி வாசல் குப்பைமேடு என்று, வீடு வந்து சேரும்வரை நான் அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.